ஒரே பந்தி, வேறு வேறு உடல்வாகு

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 157 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுடையது கூட்டுக் குடும்பம். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு. மதியச் சாப்பாட்டில் அவள் என்னைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள்வாள். மாலையில் பஜ்ஜி, இரவில் நெய் தோசை என்று எதையும் ஒதுக்க மாட்டாள். ஒரு இடத்தில் உட்காராதவள், எப்போதும் கலகலப்பானவள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்றும் அவளுக்குச் சரியாக இருக்கிறது. நானோ இரண்டே வருடத்தில் 6 கிலோ ஏறிவிட்டேன். இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். பிறகு சோற்றை அடியோடு நிறுத்தி மூன்று வாரத்தில் 4 கிலோ குறைத்தேன். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் சாப்பிட்டதில் 2 கிலோ திரும்பிவிட்டது. அடுத்த இரண்டு மாதத்தில் மீதியும் வந்துவிட்டது. “அவளும் ரெண்டு பெத்தவதானே” என்று மாமியார் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு நாள் முழுவதும் வலித்தது. காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கினால் அன்றைய பொழுதே கெட்டுவிடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டைவிட அவள் தட்டைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவள் என்மீது பிரியமானவள்; அதனாலேயே என் பொறாமையை நினைத்து வெட்கமாக இருக்கிறது. என் உடம்பில் ஏதாவது கோளாறா? இந்த எண்ணத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: “தண்ணீர் குடித்தாலும் உடம்பு போடுகிறது” என்று யாராவது சொன்னால், மருத்துவர்களாகிய நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வது வழக்கம். மருத்துவம் படித்து முடித்த புதிதில் நானும் சிரித்திருக்கிறேன். தண்ணீரால் கொழுப்பு கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்பவர் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்களுக்கு எதுவும் செய்யாத அதே சாப்பாடு தன் உடம்பில் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறார். அது கற்பனை அல்ல. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கப்பட்ட உண்மை.

கனடாவின் கியூபெக் நகரில் உள்ள லாவால் பல்கலைக்கழகத்தில் கிளாட் பூஷார் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உருவத்தில் ஒத்த இரட்டையர்களான இளைஞர்களில் 12 ஜோடிகளைத் தங்கள் கண்காணிப்பிலேயே தங்கவைத்து, ஒவ்வொருவருடைய உடலுக்கும் எவ்வளவு உணவு போதும் என்று முதலில் கணக்கிட்டு, அதற்குமேல் நாளொன்றுக்குச் சரியாக 1,000 கலோரி கூடுதலாக, வாரத்துக்கு ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாள்கள் கொடுத்தார்கள். ஒளித்துத் தின்னவோ, தட்டில் மிச்சம் வைக்கவோ வழியில்லாத ஏற்பாடு. முடிவில் எடை பார்த்தபோது, மிகக் குறைவாக ஏறியவருக்கு 4.3 கிலோ, மிக அதிகமாக ஏறியவருக்கு 13.3 கிலோ. கூடுதலாக உண்டது எல்லோருக்கும் ஒரே அளவுதான். இதைவிட வியப்பானது, ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருந்தபோதும், ஒரே ஜோடியைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஏறியிருந்தார்கள் என்பதுதான். நம் பாட்டிமார்கள் ‘உடல்வாகு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனதைத்தான் இந்த ஆய்வு கிலோக் கணக்கில் எழுதிக் காட்டியது.

நீங்களும் உங்கள் ஓரகத்தியும் இரட்டையர்கள் அல்ல. அக்கா தங்கையும் அல்ல. இருவேறு குடும்பங்களிலிருந்து ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். ஒரே பானைச் சோறு உண்பதால் ஒரே உடம்பு வாய்த்துவிடும் என்றால், தத்துப் பிள்ளைகள் எல்லோரும் வளர்த்தவர்களைப் போலவே இருக்க வேண்டும். டென்மார்க்கில் சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய உடற்பருமன், சோறு போட்டு வளர்த்தவர்களோடு அல்லாமல், கூட வாழ்ந்தேயிராத பெற்ற தாய் தந்தையரோடுதான் ஒத்துப்போனது.

அப்படியானால் கூடுதலாக உண்ட உணவு ஒல்லியானவர்களின் உடம்பில் எங்கே போகிறது? இதற்கு ஒரு பகுதி விடை உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் அறியாமல் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. ‘ஒரு இடத்தில் உட்காராதவள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்து 1999-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கும் மேல். கொழுப்பு கூடாதவர்கள் தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை. கூடுதல் உணவு உள்ளே போனதும் அவர்கள் உடம்பு தன்னால் துறுதுறுப்பாகிவிட்டது: எழுந்து நடப்பது, நின்றுகொண்டே பேசுவது, காலை ஆட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது. இப்படியே நாளொன்றுக்கு 690 கலோரிவரை கூடுதலாகச் செலவழித்தவர் அவர்களில் உண்டு. நீங்கள் கணக்குப் பிரிவில் நாற்காலியில் அமர்ந்து நாளைக் கழிக்கும்போது, உங்கள் ஓரகத்தி மாடிக்கும் கீழுக்குமாகத் துணி உலர்த்த எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்பது உங்கள் கண்ணில் பட வாய்ப்பில்லை. அவர் தட்டு மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது.

உடல்வாகுதான் எல்லாம், நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். 2015-16-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம்; 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவீதம். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு மாநிலத்துப் பெண்களின் மரபணு மாறிவிடாது. மாறியது நாற்காலியும், எண்ணெயும், தூக்கமும், வீட்டு வாசலுக்கே வந்து சேரும் பொட்டலங்களும்தான். சூழல் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுகிறது. அதில் யார் முதலில் நகர்கிறார், யார் கடைசிவரை அசையாமல் நிற்கிறார் என்பதைத்தான் மரபு தீர்மானிக்கிறது. நீங்கள் முதலில் நகர்கிறவர். அவ்வளவுதான். இதில் குணக்கேடும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

இனி உங்கள் 6 கிலோவுக்கு வருவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 6 கிலோவுக்கு 46,200. இதை இரண்டு வருடத்தின் 730 நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 63 கலோரி வருகிறது. உடம்பு பருக்கப் பருக்க அதன் செலவும் கூடும் என்பதால் உண்மையான கணக்கு இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி. ஆக உங்களுக்கு ஏறிய எடையைப் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க் கணக்கில் அடக்கிவிடலாம். கணக்குப் பார்ப்பது உங்கள் தொழில் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டதுபோல் நீங்கள் தவிக்கிறீர்கள்; நடந்ததோ, பேரேட்டில் அன்றாடம் சில ரூபாய் பிசகியதைப் போன்ற ஒன்று.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை இட்லி, உப்பு பார்க்க எடுத்த கரண்டி, பள்ளியில் இரண்டு வேளைத் தேநீரில் போட்ட சர்க்கரை ஆகியவை யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. இதை உங்களைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை வைத்து 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் தாங்கள் உண்டதாக எழுதிக்கொடுத்தது உண்மையில் உண்டதில் பாதியளவாகத்தான் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனித நினைவு அப்படிப்பட்டது. இதே காரணத்தால் உங்கள் ஓரகத்தி உண்பதைப் பற்றிய உங்கள் கணக்கும் தப்பாகவே இருக்கும். கூடுதலாகப் போட்டுக்கொண்ட ஒரு கரண்டி சோறு உங்கள் மனத்தில் பதிகிறது. பசியில்லை என்று அவர் வேண்டாமென்று விட்ட காலைச் சிற்றுண்டி பதிவதில்லை.

அந்தக் கல்யாண வீட்டு 2 கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் உடைந்தது அங்கேதான். இரண்டு நாளில் 2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கு அதிகமாக நீங்கள் உண்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. நடந்தது வேறு. நம் ஈரலும் தசைகளும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சில நூறு கிராம் சேமித்து வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோற்றை அடியோடு நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறியது. நீங்கள் குறைத்ததாக மகிழ்ந்த 4 கிலோவில் கணிசமான பகுதி அதுதான். கல்யாணத்தில் சோறும் இனிப்பும் உண்டதும் சேமிப்பு நிரம்பியது. சாம்பாரிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைத்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் பல பெண்களுக்கு இப்படித் தண்ணீர் எடை கூடிக் குறைவது உண்டு. இறங்கியபோது கிடைத்த மகிழ்ச்சியும் பாதி பொய், ஏறியபோது வந்த துக்கமும் பாதி பொய். ஆகையால் தினமும் மெஷினில் ஏறுவதை நிறுத்திவிடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பார்த்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். மெஷினைக் கட்டிலுக்கடியில் போடுவதைவிடப் பரண்மேல் ஏற்றிவிடுவது நல்லது.

கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதே சரி. தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று அறிய டிஎஸ்எச் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, பருக்கள் ஆகியவை இருந்தால் பிசிஓடி என்று மக்கள் சொல்லும் சினைப்பைக் கோளாறையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு அறியலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்துகள் சில, மனநோய் மருந்துகள் சில ஆகியவையும் எடையைக் கூட்டும். அப்படி ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். தைராய்டு குறைபாடு இருந்தாலும் அதனால் மட்டும் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாப் பழியையும் அந்தச் சுரப்பியின் தலையில் போட முடியாது.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண், 26.8 வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை என்றும், 25-க்கு மேல் பருமன் என்றும் நம் மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே எடையைக் கொஞ்சம் இறக்குவது உங்கள் உடல்நலத்துக்கு நல்லது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஓரகத்தியின் ரவிக்கை அளவு உங்கள் இலக்கு அல்ல. உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது 3 கிலோ சொச்சம், ஆறு மாதத்தில் குறைந்து, பிறகு ஏறாமல் நின்றாலே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன் தரும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்று தையல் டேப்பால் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

உணவில் நான் சொல்லப்போவது அதிகம் இல்லை. இரவு உணவை விடாதீர்கள். விட்டால் பத்து மணிக்கு மேல் அடுக்களையில் நின்றபடியே, எதை எவ்வளவு தின்றோம் என்று தெரியாமல் தின்கிறோம், அனுபவத்தில் சொல்கிறேன். சோற்றை நிறுத்தவும் வேண்டாம், வழக்கமாகப் போட்டுக்கொள்வதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, சுண்டல், முட்டை, மீன் என்று எது உங்கள் வீட்டில் வழக்கமோ அதை வையுங்கள். மாத எண்ணெயை அளந்து வாங்குவது கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் முடிவு செய்யும் காரியமல்ல, ஆனால் தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் ஊற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பள்ளியில் மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி ஏதேனும் செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பதினைந்து முறை எழுந்து அமர்வதும் அதில் சேர்த்திதான்.

இனி அந்தப் பொறாமை. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே இதை எழுதியிருக்கிறார்: தன்னை எடைபோட வேறு அளவுகோல் கிடைக்காதபோது மனிதர் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார், அதுவும் தனக்கு மிக நெருக்கமான, தன்னைப் போன்றவரோடுதான் ஒப்பிடுகிறார். நடிகையின் இடையைப் பார்த்து நாம் தூக்கம் இழப்பதில்லை. ஒரே வயது, ஒரே வீடு, ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் என்று இருப்பவர்தான் நம்மை உறங்கவிடாமல் செய்கிறார். ஆகவே உங்கள் பொறாமை கெட்ட மனத்தின் அடையாளம் அல்ல. மனம் கைக்கெட்டிய அளவுகோலை எடுத்து அளக்கிறது. அந்த அளவுகோல் உங்கள் உடம்புக்குப் பொருந்தாது என்பதற்குத்தான் மேலே அவ்வளவு ஆய்வுகளைச் சொன்னேன். வாரம் ஒருமுறை பார்க்கும் எடையும், மாதம் ஒருமுறை அளக்கும் இடுப்பும், எத்தனை நாள் நடந்தோம் என்ற குறிப்பும் இருந்தால், அளப்பதற்கு உங்களுடைய சொந்தக் கோல் ஒன்று கையில் இருக்கும். கொஞ்ச நாளைக்கு அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் கண் போகாத இடத்துக்கு மனம் போவது குறைவு.

மாமியாரிடம் ஒருநாள், வேறு யாரும் இல்லாத வேளையில், “அத்தை, எடையைப் பற்றி நானே டாக்டரிடம் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளோடு சேர்த்துச் சொன்னால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் காலத்தில் ‘பூசினாற்போல் இருக்கிறாய்’ என்பது பாராட்டு. உடம்பைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பதன் ஒரு பகுதி. வலிக்கிறது என்று சொல்லாதவரை வலிப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சொன்ன பிறகும் தொடர்ந்தால் கணவரைப் பேசச் சொல்லுங்கள். ஓரகத்தியிடம் இதைப் பற்றிப் பேசலாமா என்றால், பேசலாம் என்றே நினைக்கிறேன். அடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26, எடை 41 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் “வீட்டில் சோறு போடுவதில்லையா?”, “எலும்பும் தோலுமாக இருக்கிறாயே, ஏதாவது நோயா?” என்று கேட்கிறார்கள். குண்டாக இருப்பவர்களைக் கேட்டால் மனம் நோகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களைக் கேட்டால் நோகாது என்று யார் சொன்னது?

— வாசகி, நாகர்கோவில்

பதில்: யாரும் சொல்லவில்லை, நோகும். பெண் பார்க்க வருபவர்கள் எதிரிலேயே இதைக் கேட்பவர்களும் உண்டு என்பதை நான் அறிவேன்.

ஒல்லியாக இருப்பதற்கும் மரபுக் காரணங்கள் உண்டு. நோய் எதுவும் இல்லாமல் இயல்பிலேயே ஒல்லியான 1,622 பேரின் மரபணுக்களை, மிகுந்த பருமன் உள்ளவர்களின் மரபணுக்களோடும் சாதாரண எடை உள்ளவர்களின் மரபணுக்களோடும் ஒப்பிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சதாஃப் ஃபரூக்கி குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. எடையைக் கூட்டும் மரபணு மாற்றங்கள் இந்த ஒல்லியானவர்களிடம் குறைவாக இருந்தன. ஆகவே முன் கடிதத்து வாசகியின் ஓரகத்தி அடைந்தது சாதனை அல்ல. உங்களுக்கு நேர்ந்தது குறையும் அல்ல.

எனினும் உங்கள் பிஎம்ஐ 16.4. இயல்பின் கீழ் எல்லை 18.5. அண்மையில் எடை குறைந்து இந்த நிலைக்கு வந்தீர்களா, அல்லது பள்ளிக் காலம் முதலே இப்படியா என்பதை நீங்கள் எழுதவில்லை. எப்படி இருந்தாலும் இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய் ஆகியவை இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதும் முக்கியம். எல்லாம் சரியாக இருந்தால் வேர்க்கடலை, பால், முட்டை, வாழைப்பழம் என்று வேளைகளுக்கு இடையே சேர்த்துக்கொண்டு, தசை வளரும் பயிற்சியும் செய்யுங்கள். கடையில் விற்கும் ‘எடை கூட்டும்’ மாவுகளையும், என்ன சேர்ந்திருக்கிறதென்று தெரியாத லேகியங்களையும் தொட வேண்டாம்.

ஒல்லியாக இருந்தால் கவலையே இல்லை என்று எண்ணுபவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. இருவருக்கும் பிஎம்ஐ அச்சுப் பிசகாமல் 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வயது 43. முப்பது வயதுவரை எதைச் சாப்பிட்டாலும் ஏறாத உடம்பு, இப்போது பார்ப்பதற்குள் ஏறிவிடுகிறது. வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டது என்கிறார்கள். என் அலுவலக நண்பர் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு நான்கே மாதத்தில் பத்து கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டார். நடந்து நடந்து நான் குறைத்தது ஒன்றரைக் கிலோ. அவரைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. நானும் போட்டுக்கொள்ளலாமா?

— வாசகர், சென்னை

பதில்: முதல் பாதிக்கு மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சிளங்குழந்தை முதல் 95 வயது முதியவர்வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் சக்திச் செலவை அளந்து, ஹெர்மன் பான்சரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடலின் பருமனுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை வளர்சிதை மாற்ற வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. மந்தமானது பெரும்பாலும் நம் கால்கள்தான். முப்பது வயதுக்கு முன் பேருந்தைப் பிடிக்க ஓடியவர், இப்போது வாகனத்தை வாசலிலேயே எடுத்து வாசலிலேயே நிறுத்துகிறார்.

ஊசியைப் பொறுத்தவரை, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்து பசியைக் குறைக்கும் மருந்துகள் அவை. நன்றாகவே வேலை செய்கின்றன. மருந்தால் இளைப்பதைக் குறுக்குவழி என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை நாம் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் பிஎம்ஐ 30-க்கு மேல் உள்ளவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவையும் உள்ளவர்களுக்கும்தான் பொதுவாக அவற்றைப் பரிந்துரைக்கிறோம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம்; கணையத்திலும் பித்தப்பையிலும் சிலருக்குத் தொல்லை வருவதுண்டு. செமாகுளூட்டைடு என்ற மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்ததை அதன் தொடர் ஆய்வே காட்டியது. நண்பர் இளைத்திருக்கிறார் என்பது இந்த ஊசிக்குரிய காரணமாகாது. உங்கள் பிஎம்ஐ, சர்க்கரை அளவு, ஈரலில் கொழுப்பு உண்டா என்பவைதான் காரணமாக முடியும். அவற்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நடந்து குறைத்த ஒன்றரைக் கிலோவோடு இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதையும் அளந்துகொண்டு, மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: என் இளைய மகளுக்கு 13 வயது. மூத்தவள் ஒல்லி, இவள் சற்றுப் பூசினாற்போல் இருப்பாள். விளையாட்டாக அக்காவோடு ஒப்பிட்டு நாங்கள் எல்லோரும் பேசுவதுண்டு. இரண்டு மாதமாக மதிய உணவு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் நேரமில்லை என்கிறாள். குளியலறையில் நெடுநேரம் இருக்கிறாள். எடை குறைந்திருக்கிறது. நல்லதுதானே என்று விட்டுவிடலாமா?

— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: விடக் கூடாது. பருவமடையும் வயதில் பெண் குழந்தைக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது வளர்ச்சியின் பகுதி. அது நடக்க வேண்டிய காலத்தில் எடை குறைவது நல்ல செய்தி அல்ல. உணவை மறைப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, மாதவிலக்கு நின்றுபோவது, தலைசுற்றல், முடி கொட்டுவது, எப்போதும் குளிர்கிறது என்பது ஆகியவை உணவு சார்ந்த மனநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். உண்டதை அவளே வாந்தி எடுக்கிறாளா என்று கவனியுங்கள்; ஆனால் கதவைத் தட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.

முதலில் வீட்டில் ஒப்பிடும் பேச்சு முழுவதும் நிற்க வேண்டும். மூத்தவளைப் புகழ்ந்து சொல்வதும் இதில் சேரும். தாத்தா பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதிரில் யாராவது பேசினால் அந்த இடத்திலேயே, மகள் காதில் விழும்படி, “அவள் உடம்பைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை” என்று மறுத்துவிடுங்கள். நீங்களே கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் வழக்கம் உண்டென்றால், அதையும் அவள் பார்த்துக் கற்றிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளையாவது குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது பேச்சு தட்டைப் பற்றியதாக இருக்க வேண்டாம்.

நேரமில்லை என்று அவள் சொல்வதை நம்பியதுபோலவே இருங்கள். “நாங்கள் அக்காவோடு உன்னைச் சேர்த்துப் பேசியது தப்பு. அது உனக்கு வலித்ததா?” என்று, வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிராத வேளையில் கேளுங்கள். உடனே பதில் வராது. இந்த வாரத்துக்குள் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, எடை, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்; அவரே மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தயங்காமல் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மயக்கம் போட்டாலோ, தண்ணீர்கூட வேண்டாமென்றாலோ, உயிரை மாய்த்துக்கொள்வதுபோல ஏதாவது சொன்னாலோ அந்த வாரம்வரைகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.